கம்ப்யூட்டருக்குப் பதினாறாம் நாள்

ஆலாமேடு,
பழவேற்காடு வழி.
18-12-1988, ஞாயிற்றுக்கிழமை.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை நீலமேகம் அவர்களுக்கு,

மாமனார் வரதன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் மாமியார் கஸ்தூரியம்மாளும் சுகம். அங்கே தாங்களும் மனோரமாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம் மீனவர் சங்கத்துக் கம்ப்யூட்டரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் முப்பத்தொரு வருடம் தபால் இலாகாவில் இருந்தவன், தெரியாத விஷயத்தை எழுத்தில் உறுதி செய்வதில்லை.

நேற்று மாலை நான்கரை மணிக்கு, நீண்ட யோசனைக்குப் பிறகு, கம்ப்யூட்டர் அறையில் மேற்குச் சுவரோரம் இருந்த நாற்காலியைக் கிழக்குச் சுவரோரம் மாற்றுவதென்று முடிவு செய்தேன். அவசரத்தில் எடுத்த முடிவல்ல. சங்கச் செயலாளர் என்ற முறையில் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, ஐஸ் பேக்டரி ஜமால் முகம்மது பாயைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னேன். அவர் வாசித்துப் பார்த்துவிட்டு, "நாற்காலிக்குச் சம்மதமா, கேட்டீங்களா வரதண்ணே?" என்று விசாரித்து, கையெழுத்துப் போட்டார். மாற்றியதற்கான காரணம் பின்னால் வருகிறது.

தாங்கள் அறிந்ததையே திரும்ப எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். புகார் என்றால் அடியிலிருந்து எழுத வேண்டும் என்பது இலாகா வழக்கம்; தவிர, இதன் நகல் ஊர்ப் பஞ்சாயத்துக்கும் போகிறது. நம் ஊருக்கு ஏரியில் வலை கட்டும் துறைகள் மூன்று: வடதுறை, ஓடைத்துறை, முகத்துறை. எந்தக் குடும்பம் எந்த நாளில் எந்தத் துறையில் வலை கட்டலாம் என்று முறை வைத்துப் பிரிப்பதற்குப் பாடு என்று பெயர்; அதன் பட்டியல்தான் பாட்டுப் பட்டியல். முறை வந்தவர் விடிவதற்குள் துறையில் கழி நட்டு, அதில் ஒரு பனையோலையைக் கட்டிவிட வேண்டும். ஓலை இருக்கிறவரை மற்றவர்கள் அங்கே வலை இறக்க மாட்டார்கள். வேலை முடிந்ததும் கட்டியவரே அவிழ்க்க வேண்டும். புதுப் பட்டியல் வருகிறவரை பழைய பட்டியலே செல்லும். ஒரு பருவத்தில், மார்கழிப் பௌர்ணமிக்குள், ஒரு தடவையாவது வலை இறக்காத பெயர் அடுத்த பருவத்திலிருந்து அடிக்கப்படும். இவ்வளவுதான் சட்டம். கோயில் வாசலில் சீட்டுக் குலுக்கி, அரை நாள் சண்டை போட்டு, இதைத்தான் இத்தனை காலமும் நடத்திவந்தோம்.

ஏதோ ஒரு வெளிநாட்டு உதவித் திட்டத்தார் சங்கத்துக்கு ஒரு கம்ப்யூட்டரைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அது ஏழு மாதம் துணி போர்த்தியபடி இருந்தது. தாங்கள் தலைத்தீபாவளிக்கு வந்த இடத்தில், தலையில் வைத்த எண்ணெய் காயுமுன் அதன் முன்னால் உட்கார்ந்து, பாட்டுப் பட்டியல் எழுதும் புரோகிராம் ஒன்றை எழுதிக் கொடுத்தீர்கள். தினமும் காலை ஐந்து மணிக்கு, யாரும் எழுப்பாமலே, பின்னணியில் மூன்று வேலைகள் எழுந்திருக்கும், துறைக்கு ஒன்று. புதுப் பட்டியல் தேவையென்றால் மூன்றும் ஒரே நேரத்தில் எழுதும். தேவையில்லையென்றால் திரும்பப் படுத்துக்கொள்ளும். ஒன்று முடித்து இன்னொன்று என்று வைத்தால் போதாதா என்று நான் கேட்டதற்கு, மூன்றும் சேர்ந்து ஓடினால் நேரம் மிச்சம் என்றீர்கள். ஆலாமேட்டில் நேரத்துக்குப் பஞ்சம் இல்லை என்பதை மரியாதை கருதி அப்போது சொல்லவில்லை.

முதல் பட்டியல் கார்த்திகை முதல் வாரத்தில் வந்தது. அதில் அங்கமுத்து ஒரே நாளில் வடதுறையிலும் இருந்தார், முகத்துறையிலும் இருந்தார். இருசம்மாள் எந்தத் துறையிலும் இல்லை.

இந்த இருசம்மாளைத் தங்களுக்குத் தெரியாது. சென்ற பங்குனியில் இறந்துபோன சுப்பனின் மனைவி. இதுவரை பாட்டுப் பட்டியலில் ஆண் பெயர்தான் எழுதுவது. குடும்பம் இருக்கிறது, தோணி இருக்கிறது, வலை இருக்கிறது, தங்கச்சி எல்லம்மாவும் நானும் இறங்குகிறோம், என் பெயரை எழுதுங்கள் என்று ஆடி மாதப் பஞ்சாயத்தில் வந்து நின்றாள். ஆம்பளைப் பெயர் இல்லாமல் எப்படி எழுதுவது என்று அங்கமுத்து கேட்டார். "ஆம்பளைப் பேரு வேணும்னா எங்க வூட்டு நாய்க்கு ஒண்ணு வெச்சிருக்கேன், எழுதிக்கிறியா?" என்றாள். பஞ்சாயத்து யோசித்து, அவள் பெயரையே எழுதச் சொன்னது. எழுதியவன் நான். இந்தத் தடவை உன் முறை தவறாது என்று வாக்குக் கொடுத்தவனும் நான்.

ஆகவே பிழை எங்கே என்று நானே தேடினேன். நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கணக்கில் சேராத சோதனையாகப் புரோகிராமைப் பதினொரு தடவை ஓட்டினேன். பதினொரு தடவையும் பட்டியல் சரியாக வந்தது. பன்னிரண்டாவது தடவை ஓடவிட்டு, டீ குடிக்க எழுந்து போனேன். திரும்பி வந்தால் அங்கமுத்து மறுபடி இரண்டு துறையில் நிற்கிறார். மறுநாளும் இதே கதை. வேலைகள் என்ன செய்கின்றன என்று வரிக்கு வரி திரையில் சொல்லச் சொன்னால், நிதானமாகச் சொல்லிக்கொண்டே சரியாகச் செய்கின்றன. சொல்லாதே என்றால் தப்பு. உங்கள் மாமியார் திருஷ்டி என்றார். திருஷ்டி என்றால் பார்க்கும்போதல்லவா தப்பு வர வேண்டும் என்று கேட்டேன். அதற்கு அவர், நான் சாப்பிட வருகிறேனா இல்லையா என்று கேட்டார்.

கடைசியில் மூன்று ஆட்களை மூன்று வேலைகளாக உட்காரவைத்துப் பார்ப்பதென்று தீர்மானித்தேன். வடதுறைக்கு நான், முகத்துறைக்கு ஜமால் பாய், ஓடைத்துறைக்கு அங்கமுத்து. நடுவில் பெயர்கள் எழுதிய ஒரே ஒரு நோட்டு. மேலே இருக்கிற பெயரைப் பார்த்துத் தன் பட்டியலில் எழுதிக்கொண்டு, நோட்டில் கோடு விழாத முதல் பெயருக்குக் கோடு போட வேண்டும். நிதானமாகச் செய்தபோது ஒரு தப்பும் இல்லை. அந்த நேரம் பார்த்து ஆரம்பாக்கம் போகிற ஐஸ் லாரி ஹாரன் அடித்தது. ஜமால் பாய் அவசரப்பட்டார். அவரும் நானும் ஒரே நேரத்தில் நோட்டைப் பார்த்தோம். இரண்டு பேருமே அங்கமுத்து என்று எழுதினோம். பிறகு ஆளுக்கொரு கோடு போட்டோம். என் கோடு அங்கமுத்து பெயரில் விழுந்தது. அவர் கோடு அடுத்த பெயரில் விழுந்தது. அடுத்த பெயர் இருசம்மாள்.

பிழையைக் கண்டுபிடித்தாயிற்று என்று நான் மகிழ்ந்தேன். அங்கமுத்து மகிழவில்லை. "எழுதுனது எழுதுனதுதானே, ரெண்டு எடத்துல என் பேரு இருக்குதுனா ரெண்டு எடம் என்னுதுதான்" என்று சொல்லி, ஒரு துறைக்குத் தானும் மற்றதற்குத் தன் மச்சானுமாகப் போய்வந்தார். புதுப் பட்டியல் வருகிறவரை பழையதே செல்லும் என்பதால் யாரும் தடுக்க முடியவில்லை.

தங்களுக்கு எழுதினேன். தங்கள் பதில் டிசம்பர் 8-ஆம் தேதி வந்தது. இனி நோட்டைத் தொட நினைக்கிற வேலை முதலில் ஒரு ஓலை கட்ட வேண்டும். ஓலை இருப்பதைக் காண்கிற மற்ற வேலைகள் காத்திருக்க வேண்டும். எழுதி முடித்ததும் கட்டியதே அவிழ்க்க வேண்டும் என்று நான்கு வரி எழுதி அனுப்பியிருந்தீர்கள். இதைப் பஞ்சாயத்தில் வாசித்தபோது எல்லோருக்கும் ஒரே பெருமை. "நம்ம கிட்ட கத்துக்கினு போயி நமக்கே சொல்லிக் குடுக்குறாரு மாப்ள" என்று அங்கமுத்துவே சிரித்தார். அன்று அவர் சிரித்ததுதான் கடைசி.

9-ஆம் தேதி வெள்ளிக்கிழமை அந்த நான்கு வரியை நான் தட்டச்சு செய்தேன். இரண்டு மணி நேரம் ஆனது. பதினொன்றரைக்கு ஓட்டினேன். வடதுறை வேலை முதலில் எழுந்து முறையாக ஓலை கட்டியது. ஓடைத்துறையும் முகத்துறையும் முறையாகக் காத்திருந்தன. பார்க்கப் பார்க்கக் கண் நிறைந்தது. பதினொன்று நாற்பதுக்குக் கரண்ட் போயிற்று. மூன்று மணிக்குத் திரும்பி வந்தது. ஓலை அப்படியே இருந்தது, கட்டிய வேலையைக் காணோம். மறுநாள் ஐந்து மணிக்கு எழுந்த மூன்று வேலைகளும் ஓலையைப் பார்த்து மரியாதையாக நின்றுவிட்டன. தாங்கள் ஆங்கில எழுத்தில் தமிழை வைத்து எழுதிய வாசகம் திரையில் வந்தது: "ஓலை கட்டியது வேலை 214. வேலை 214 இப்போது இல்லை. காத்திருக்கிறேன்."

இனி கரண்ட் போய்த் தொல்லை வரக்கூடாதென்று ஜமால் பாய் தன் ஐஸ் பேக்டரி ஜெனரேட்டரிலிருந்து ஒரு ஒயர் இழுத்துக் கொடுத்தார். அதனால் கம்ப்யூட்டர் ஒன்பது நாளாக அணையவே இல்லை. தினமும் காலை மூன்று வேலைகள் எழுந்து, முன்பே காத்திருக்கிறவற்றோடு சேர்ந்து காத்திருக்கின்றன. இன்று காலை எண்ணினேன். இருபத்தைந்து இருந்தன. இருபத்தாறாவது பிறக்க வழியில்லை, இடம் நிறைந்துவிட்டது என்று ஒரு புதுச் செய்தி வந்திருக்கிறது. அறையில் நானும் விசிறியும் மட்டும்தான் இருக்கிறோம். ஆனாலும் உள்ளே நுழையும்போது தோளை ஒடுக்கிக்கொண்டுதான் நுழைகிறேன். ஆள் பார்த்தால் ஒரு மாதிரியும் பார்க்காவிட்டால் ஒரு மாதிரியும் நடக்கிற இயந்திரமாயிற்றே, பின்பக்கமாக உட்கார்ந்து பார்க்கலாம் என்றுதான் நாற்காலியைக் கிழக்குச் சுவரோரம் மாற்றினேன். எதுவுமே ஓடாததால் பலன் இன்னும் தெரியவில்லை.

கட்டிய வேலை இறந்துபோனது உறுதியானால் ஓலையை எடுத்துவிடலாம் என்று தாங்கள் கடித ஓரத்தில் எழுதியிருந்ததைப் படிக்காமல் இல்லை. படித்தேன். எடுக்கப் போனேன். அங்கமுத்து வந்து பஞ்சாயத்தைக் கூட்டிவிட்டார்.

பாட்டு ஓலை கட்டியவர் இடையில் இறந்துவிட்டால், பதினாறாம் நாள் காரியம் முடிகிறவரை அந்த ஓலையை ஒருவரும் தொடக்கூடாது. முடிந்தபின் உரியவர் போய் அவிழ்க்க வேண்டும் என்பது நம் ஊர் வழக்கம். சுப்பன் முகத்துறையில் ஓலை கட்டிவிட்டுத் தோணியில் உட்கார்ந்த இடத்திலேயே நெஞ்சடைத்துப் போனார். பதினாறு நாளும் அந்த ஓலை அங்கேயே ஆடிக்கொண்டிருந்தது. பதினாறாம் நாள் இருசம்மாள்தான் போய் அவிழ்த்தாள். அதை எடுத்துக்காட்டி, சுப்பனுக்கு ஒரு சட்டம், கம்ப்யூட்டருக்கு ஒரு சட்டமா என்று அங்கமுத்து கேட்டார். இறந்தவர் பெயரைச் சொல்லிக் கேட்டால் நம் ஊரில் யாரும் பேச மாட்டார்கள். பின்னால் பெண்களோடு இருசம்மாள் நின்றுகொண்டிருந்தாள்.

நாள் எண்ணினார்கள். இறந்த நாள் ஒன்பதாம் தேதி வெள்ளி. அதை ஒன்று என்று வைத்தால் பதினாறாம் நாள் 24, சனிக்கிழமை. மார்கழிப் பௌர்ணமி 23, வெள்ளிக்கிழமை.

"கணக்கு ரொம்ப அழகா வந்து உக்காந்திருக்குது அங்கமுத்து" என்றார் ஜமால் பாய்.

"சாவு நாளை நானா பாய் வெச்சேன்?" என்றார் அங்கமுத்து.

பௌர்ணமிக்குள் புதுப் பட்டியல் வராது. பழையதில் இருசம்மாள் பெயர் இல்லை. ஆகவே அவள் இந்தப் பருவம் வலை இறக்காதவள். ஆகவே அடுத்த பருவத்தில் பெயர் கிடையாது. தீர்மானப் புத்தகத்தை மூன்று தடவை புரட்டிவிட்டேன். ஒவ்வொரு வரியும் சரியாகத்தான் இருக்கிறது. எல்லா வரியும் சரியாக இருக்கும்போது முடிவு மட்டும் எப்படி இப்படி வருகிறது என்பதுதான் எனக்குப் புரியவில்லை. பழையபடி சீட்டுக் குலுக்கிவிடலாமே என்று கேட்டுப் பார்த்தேன். ஓலை இருக்கும்போது குலுக்கினால் அது இறந்தவரின் முறைமேல் கைவைப்பதாகும் என்றார் அங்கமுத்து.

அடுத்து, ஓலையை அவிழ்க்க உரியவர் யார் என்ற கேள்வி வந்தது. வேலை 214-க்குப் பெண்டாட்டி பிள்ளை இருப்பதாகப் பதிவு இல்லை. அதை உண்டாக்கியவர் தாங்கள். ஆகவே 24-ஆம் தேதி காலை தாங்கள் வந்து அவிழ்ப்பதென்று பஞ்சாயத்து தீர்மானித்திருக்கிறது. இக்கடிதத்தையே அழைப்பாக ஏற்க வேண்டுகிறேன். பொன்னேரியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தால் பத்து மணிக்குள் படகுத்துறையில் இறங்கிவிடலாம். மாமியார் அன்று மீன் சமைக்க மாட்டார். தங்களுக்குக் கோடி வேட்டி எடுக்க வேண்டியது மாமனாராகிய நானா, அல்லது கம்ப்யூட்டரைக் கொடுத்த திட்டத்தாரா என்பதில் இரண்டு அபிப்பிராயம் இருக்கிறது. திட்டத்தாரின் விலாசம் கிடைக்காததால் நானே எடுத்துவிட்டேன். எட்டு முழம், மயில்கண் கரை. மனோரமாவுக்குத் தீட்டு உண்டா என்று மாமியார் கேட்கச் சொன்னார்.

இவ்வளவும் செயலாளராக எழுதியது. இனி எழுதுவது மாமனாராக. பஞ்சாயத்து நகலில் இந்தப் பத்தி இருக்காது. தாங்கள் 24-க்குக் காத்திராமல் 22-ஆம் தேதிக்குள் வந்துவிடுங்கள். வந்து, பட்டணத்தில் இந்த மாதிரி வேலைகளுக்கு மூன்று நாள்தான் அனுசரிப்பது வழக்கம் என்று பஞ்சாயத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். தங்களுக்கு ஊரில் மதிப்பு இருக்கிறது. கால்சட்டை போட்டு வந்தால் இன்னும் நல்லது. அந்தப் பெண்ணுக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். தினமும் காலையில் சங்க வாசல் வழியாகத்தான் தண்ணீர்க் குடத்தோடு போகிறாள். என்ன ஆயிற்று என்று கேட்பதில்லை. கேட்டால்கூடப் பரவாயில்லை.

தங்கள் இருவருக்கும் தீர்க்காயுளும், வீட்டில் நிறைந்த சௌக்கியமும், தடைபடாத மின்சாரமும் உண்டாக ஏரிக்கரை அம்மனை வேண்டிக்கொள்ளும்,

தங்கள் மாமனார்,
ஆ. வரதன்,
கௌரவச் செயலாளர்.

பின்குறிப்பு, 22-12-1988, வியாழக்கிழமை: மேலே கண்டதை ரத்து செய்து, தாங்கள் வர வேண்டாம் என்று தெரிவித்துக்கொள்கிறேன். திங்களன்று வாடைக் காற்றில் படகு ஓடாததால் கடிதம் தபாலில் சேரவில்லை. செவ்வாய் காலை இருசம்மாள் குடத்தை வாசலில் இறக்கி வைத்துவிட்டு நேராக அறைக்குள் வந்தாள். ஜமால் பாயும் ஒயரைப் பார்க்க வந்திருந்தார். எது அந்த ஓலை என்று கேட்டாள். திரையில் காட்டினேன். எதை அழுத்தினால் போகும் என்று கேட்டாள். நான் தீர்மானப் புத்தகத்தை எடுத்தேன். அதற்குள் அங்கமுத்துவும் வந்துவிட்டார், தொடாதே என்றார்.

"எங்க வூட்டுக்காரரு ஓலைக்குப் பதினாறு நாளு பாத்தீங்க. அது மனுசன், பாத்தீங்க. அந்தப் பதினாறு நாளும் எங்க வூட்டு அடுப்ப யாருனா வந்து பாத்தீங்களா?" என்றாள் இருசம்மாள். குரலை உயர்த்தவில்லை. "இது இன்னா அண்ணே, இதுக்குப் பொண்டாட்டி இருக்குதா, புள்ள இருக்குதா? இது செத்துச்சுனு இந்த ஊர்ல அழுவுறது ஆரு? நான் ஒருத்திதான். அப்ப உரியவ நான்தானே?"

அங்கமுத்து என்னைப் பார்த்தார். நான் ஜமால் பாயைப் பார்த்தேன். ஜமால் பாய் விசிறியைப் பார்த்தார். தங்கள் கடித ஓரத்தில் இருந்த சொற்களை நான் ஒவ்வொரு எழுத்தாக வாசிக்க, அவள் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்தினாள். ஓலை போயிற்று. காத்திருந்த இருபத்தைந்து வேலைகளும், ஒன்று கட்டி அவிழ்த்தபின் அடுத்தது என்று வரிசை தவறாமல் பட்டியல் அச்சடித்தன. வடதுறைக்கு ஒன்பது பிரதி, மற்ற இரண்டுக்கும் எட்டெட்டு. அந்தந்தத் துறைக்கு எல்லாம் ஒரே மாதிரி என்று பாயும் நானும் சரிபார்த்தோம். அங்கமுத்து ஒரு துறையில் மட்டும் இருக்கிறார். இருசம்மாளுக்கு வியாழக்கிழமை, முகத்துறை. அன்று மாலை பஞ்சாயத்தில் அங்கமுத்து ஆட்சேபித்தார். இருபத்தைந்து காகிதத்தையும் அவர் முன்னால் அடுக்கி வைத்து, "இத்தினி பேரு ஒரே வார்த்தை சொல்றாங்க, நீ ஒருத்தன் இன்னா சொல்றே?" என்று ஜமால் பாய் கேட்டார். அங்கமுத்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். பிறகு, ஓலையைத் தொட்டவளே இனி அந்த மெஷினுக்கும் பொறுப்பு, கண்டவரும் கைவைக்க வேண்டாம் என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது. அறைச் சாவியை நேற்று அவளிடம் ஒப்படைத்தேன்.

கோடி வேட்டியை நான் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

இன்று காலை கரண்ட் போய் வந்திருக்கிறது. பாயின் ஒயர் தாங்கியதா, கம்ப்யூட்டர் என்ன நிலையில் இருக்கிறதென்று உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். அறை பூட்டியிருக்கிறது. சாவி இருசம்மாளின் இடுப்பில் இருக்கிறது. அவள் முகத்துறையில் இருக்கிறாள். வாசலில் காத்திருக்கிற எனக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்து நிற்கிறார்கள்.